பிரின்டரைத் திட்டாதீங்க!

அலுவலகத்துக்கே ஒரு லேசர் பிரின்டர். சம்பளப் பட்டியல் போக வேண்டிய நாளில்தான் அது மக்கர் பண்ணும். பல நேரம் கோளாறு இருப்பது கணினியில். பழி பிரின்டர் மேல்!

பாமினியில் அடித்த கடிதத்தை அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்து பிரின்ட் கொடுத்தால், ஆங்கில எழுத்துகள்தான் வரும். மெய்யெழுத்தின் புள்ளியெல்லாம் அரைப்புள்ளியாகிவிடும். தமிழக அரசு 2010-லேயே யூனிகோடை ஏற்றுவிட்டது; பழைய கோப்புகள்தான் மாறவில்லை. எழுத்துரு உள்ள கணினியிலேயே பி.டி.எஃப். ஆக்கி அனுப்புங்கள். எழுத்தும் கூடவே போகும்.

அகலமான பட்டியலுக்கு லேண்ட்ஸ்கேப். அதை அந்தக் கோப்பில் மட்டும் மாற்றுங்கள். பிரின்டர் செட்டிங்கில் நிரந்தரமாக்கினால், அடுத்தவரின் பில் படுத்துக்கொண்டு வரும்.

பாதிப் பக்கத்தில் துண்டாகி வருகிறதா? லேசரில் தாள் ஓடத் தொடங்கினால் நடுவில் நிற்காது. அதற்குள் பக்கம் நினைவகத்தில் தயாராக வேண்டும். 600 டி.பி.ஐ.யில் ஒரு ஏ4 பக்கம், சுருக்காவிட்டால், 4 எம்.பி.க்கு மேல். பழைய மெஷின் திணறும். 300 ஆக்கினால் கால்வாசி போதும். எழுத்து கொஞ்சம் மங்கும், படங்களுக்குத்தான் உறுத்தும்.

வரவில்லையே என்று பத்து முறை அழுத்தினால் பத்தும் வரிசையில் சேரும். முதலில் வரிசையைத் திறந்து, சிக்கிய கோப்பை நீக்குங்கள். பின்னால் காத்திருக்கும் சம்பளப் பட்டியல் தானே வரும்.