கயிற்றைத் தேடாதீர்கள், காரைத் தேடுங்கள்!

பீடோர் வட்டாரத்தில் ஒரு காலத்தில் எங்கு திரும்பினாலும் பால்மரக் காடு. இன்று அதில் பெரும்பகுதி செம்பனையாகிவிட்டது. மரம் மாறியதே தவிர, பாம்பு போய்விடவில்லை. உதிர்ந்த செம்பனைப் பழத்துக்கு எலி வருகிறது. எலியைத் தேடி நாகம் வருகிறது. கிழக்கே மலையடிவாரக் கம்பங்களில் வாழும் செமாய் மக்களுக்கும் காட்டுப் பாதையில் இதே ஆபத்துதான்.

பாம்பு கடித்தால் இறுகக் கட்டு, கீறி இரத்தத்தை வெளியேற்று, மந்திரிப்பவரைக் கூப்பிடு. தலைமுறை தலைமுறையாக நாம் கேட்டு வந்த பாடம் இது. "மந்திரித்தார், ஆள் பிழைத்துக்கொண்டான்" என்று சாட்சி சொல்வோரும் உண்டு. அவர்கள் பொய் சொல்லவில்லை. ஆள் பிழைத்தது உண்மை. ஆனால் பிழைத்தது மந்திரத்தாலா?

பினாங்கு மருத்துவர் கண்ட உண்மை

இந்தக் கேள்விக்கு விடை நம் நாட்டிலேயே கிடைத்தது. 1950களிலும் 1960களின் தொடக்கத்திலும் பினாங்கு பொது மருத்துவமனையில் பணியாற்றியவர் டாக்டர் அலிஸ்டர் ரீட். பாம்புக்கடியோடு வந்தவர்களை ஒவ்வொருவராகக் கவனித்துக் குறிப்பெடுத்தார். அவர்களில் பலரைக் கடித்தது, வட மாநிலங்களின் தோட்டங்களில் மிகுதியாக உள்ள குழிவிரியன். மலாய்க்காரர்கள் இதை 'ஊலார் காப்பாக் போடோ' என்பார்கள். ஆள் வரும் சத்தம் கேட்டாலும் ஓடாமல் சருகுக்குள் அசையாமல் கிடக்கும். இருட்டில் பால் வெட்டப் போகிறவர்கள் தெரியாமல் மிதித்துவிடுவார்கள்.

1963-ல் ரீட் தம் குழுவினருடன் 'லான்செட்' மருத்துவ ஏட்டில் எழுதினார். கடிபட்டவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு விஷம் ஏறவே இல்லை, அல்லது மிகச் சிறிதளவே ஏறியிருந்தது! பாம்புக்கு விஷம் இரை பிடிப்பதற்கான முதல். தற்காப்புக்காக மனிதனைக் கடிக்கும்போது அது பல வேளைகளில் விஷத்தை இறக்குவதில்லை.

இப்போது கணக்குப் பாருங்கள். விஷமே ஏறாதவருக்கு யார் மந்திரித்தாலும் பலிக்கும். கிழங்கை அரைத்துப் பூசினாலும் பலிக்கும். ஒன்றும் செய்யாவிட்டாலும் அவர் பிழைப்பார். மீதிப் பேரின் கதி என்ன? கடிபட்டவர் எந்தப் பாதியைச் சேர்ந்தவர் என்பதைப் பார்த்த மாத்திரத்தில் யாராலும் சொல்ல முடியாது. அதுதான் ஆபத்து.

இருபது நிமிடச் சோதனை

விரியன் விஷம் இரத்தம் உறையும் தன்மையைக் கெடுக்கிறது. மருத்துவமனையில் கடிபட்டவரின் இரத்தத்தில் சிறிதளவு எடுத்துச் சுத்தமான கண்ணாடிக் குழாயில் 20 நிமிடம் அசைக்காமல் வைப்பார்கள். பிறகு சாய்த்துப் பார்ப்பார்கள். தண்ணீர்போல் ஓடினால் விஷம் ஏறிவிட்டது என்று பொருள். பல் ஈறில் இரத்தம் கசிவதும் ஓர் அடையாளம். உறையாத இரத்தம் உள்ளவரின் காலைக் கத்தியால் கீறினால் என்ன ஆகும்? பெருகும் இரத்தம் நிற்காது. இறுக்கிக் கட்டிய கயிறோ இரத்த ஓட்டத்தைத் தடுத்துக் காலையே அழுகச் செய்துவிடும்.

நாகக்கடி வேறு விதம். கண் இமை தொங்கும், பேச்சு குழறும், மூச்சு திணறும். கடிவாய்ச் சதை அழுகவும் கூடும்.

மண்ணுக்கேற்ற மருந்து

தமிழ்நாட்டில் மாமல்லபுரத்துக்கு அருகே, வடநெம்மேலியில், இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் 1978 முதல் இயங்குகிறது. காட்டு வாழ்வில் கற்ற வித்தையால் இருளர்கள் பாம்பைப் பிடித்து, விஷத்தை எடுத்து, மீண்டும் காட்டிலேயே விட்டுவிடுகிறார்கள். அந்த விஷத்திலிருந்துதான் இந்தியாவில் முறிவு மருந்து தயாராகிறது. அவர்களில் வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023-ல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

ஆனால் அந்த மருந்து இந்தியப் பாம்புகளுக்கானது. நம் குழிவிரியனுக்கு உகந்த மருந்து பாங்காக்கில், தாய்லாந்து செஞ்சிலுவைச் சங்கத்தின் நிலையத்தில் தயாராகிறது. எந்தப் பாம்பு, எந்த மருந்து, எவ்வளவு என்பதை மருத்துவரே முடிவு செய்ய வேண்டும்.

விஷத்திலும் நன்மை உண்டு. குழிவிரியன் விஷத்திலிருந்து இரத்தக் கட்டியைத் தடுக்கும் 'அன்குரோட்' என்ற மருந்து பிரித்தெடுக்கப்பட்டது. பிரேசில் நாட்டில் ஒருவகைப் பாம்பின் விஷப் பொருளை எருமை இரத்தப் பொருளோடு சேர்த்து, காயத்தை ஒட்டும் பசை செய்திருக்கிறார்கள். பல் ஈறு அறுவையிலும் தையலுக்குப் பதிலாக அதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள்.

செய்ய வேண்டியவை

கடிபட்டவரை நடக்க விடாதீர்கள். படுக்க வைத்துத் தைரியம் சொல்லுங்கள். வீக்கம் ஏறுமுன் மோதிரம், வளையல், மெட்டி, கொலுசைக் கழற்றுங்கள். காலையோ கையையோ மட்டை வைத்து அசையாமல் தளர்வாகக் கட்டுங்கள். கீறாதீர்கள், உறிஞ்சாதீர்கள், ஐஸ் வைக்காதீர்கள். பாம்பைத் துரத்திப் போய் இரண்டாவது கடி வாங்காதீர்கள். முடிந்தால் தூர நின்று படம் எடுங்கள். நாகம் கண்ணில் விஷத்தை உமிழ்ந்தால் உடனே சுத்தமான நீரால் 15 முதல் 20 நிமிடம் கழுவுங்கள்.

பிறகு 999-ஐ அழையுங்கள், அல்லது கிடைத்த வண்டியில் மருத்துவமனைக்கு விரையுங்கள். பீடோர்வாசிகளுக்குத் தாப்பாவிலும் தெலுக் இந்தானிலும் அரசு மருத்துவமனைகள் இருக்கின்றன. "ஒன்றும் தெரியவில்லையே, நன்றாகத்தானே இருக்கிறான்" என்று வீட்டில் வைத்துக்கொள்ள வேண்டாம். கடித்த நேரத்தை மறக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

உலகச் சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி ஆண்டுக்கு 81,000 முதல் 138,000 பேர் வரை பாம்புக்கடியால் மடிகிறார்கள். பெரும்பாலோர் வயலிலும் தோட்டத்திலும் காட்டிலும் உழைக்கும் ஏழைகள். சாமியைக் கும்பிட வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. மருத்துவமனைக்குப் போகிற வழியிலேயே கும்பிட்டுக்கொள்ளலாம்.