படகு எந்த வீட்டுக்குப் போக வேண்டும்?



வெள்ளம் என்றோ நிலச்சரிவு என்றோ செய்தி வந்தவுடன் நம் மனதில் முதலில் எழும் கேள்வி, "நாம் என்ன அனுப்பலாம்?" என்பதே. அரிசி, போர்வை, மருந்து, பணம் என்று கைகள் தாராளமாகத் திறக்கின்றன. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் இவை எல்லாம் உயிரோடு கரை சேர்ந்தவர்களுக்குப் போய்ச் சேருகிறவை. அதற்கு முந்தின இரவில் ஒரு குடும்பம் மொட்டை மாடியில் மழையில் நனைந்தபடி காத்திருக்கும்போது, அவர்களிடத்திற்கு ஒரு படகு போய்ச் சேருவது எப்படி? அதை அனுப்புகிறவர் யார்? எந்த வீட்டுக்கு முதலில் என்று தீர்மானிக்கிறவர் யார்? தேடி மீட்கும் வேலை பற்றி, பக்கத்து மாநிலமாகிய கேரளத்தில் நடந்த இரண்டு பேரிடர்களை வைத்துச் சற்று விளக்கமாக எழுதுகிறோம்.

2018-ஆம் ஆண்டு ஜூன் 1 முதல் ஆகஸ்ட் 19 வரை கேரளத்தில் வழக்கத்தைவிட 42 சதவீதம் அதிகமாக மழை பெய்தது. இடுக்கி அணையின் மதகுகள் 26 ஆண்டுகளுக்குப் பிறகு திறக்கப்பட்டன. ஆகஸ்ட் மாதத்தின் நடுவில் மூன்று நாட்கள் கொட்டிய மழையில் பெரியாறும் பம்பையும் கரையை மீறி ஊர்களுக்குள் புகுந்தன. மாநிலத்திலுள்ள 1,664 வருவாய் கிராமங்களில் 1,259 கிராமங்கள் பாதிக்கப்பட்டன. 433 பேர் உயிரிழந்தார்கள். ஏறக்குறைய 14 லட்சம் ஜனங்கள் வீட்டை விட்டு வெளியேற வேண்டியதாயிற்று.

இராணுவம், கடற்படை, கடலோரக் காவல்படை, தேசிய பேரிடர் மீட்புப் படை எல்லாம் வந்தன. ஹெலிகாப்டர்கள் பறந்தன. ஆகஸ்ட் 17-ஆம் தேதி ஆலுவாவுக்கு அருகே பிரசவ வேதனையில் இருந்த ஒரு பெண்ணைத் தூக்குவதற்கு முன்பாக, அவரைத் தூக்கலாமா என்று பார்க்க ஒரு டாக்டரைக் கயிற்றில் கீழே இறக்கினார்கள். அன்றைக்கே கொச்சி கடற்படை ஆஸ்பத்திரியில் ஆண் குழந்தை பிறந்தது. ஆனால் ஹெலிகாப்டர் ஒரு தடவையில் சிலரை மட்டுமே தூக்க முடியும்; இருட்டிலும் அடைமழையிலும் அதுவும் மிகக் கடினம். இலேசான ரப்பர் படகுகளோ ஆற்று வேகத்தை எதிர்த்து நிற்கத் திணறின. அதே 17-ஆம் தேதி செங்கன்னூர் சட்டமன்ற உறுப்பினர் தொலைக்காட்சியில் அழுதுகொண்டே, உதவி வராவிட்டால் ஆயிரக்கணக்கானோர் செத்துப்போவார்கள் என்று கெஞ்சினதை உங்களில் சிலர் கேட்டிருப்பீர்கள்.

அந்த நாட்களில்தான் கடற்கரையிலிருந்து மீனவர்கள் வந்தார்கள். மீன்வளத்துறையும் காவல்துறையும் கேட்டுக்கொண்டன. கடலோரப் பங்குகளின் குருமார் சொல்லி அனுப்பினார்கள். பலர் யாரும் கூப்பிடாமலே புறப்பட்டார்கள். திருவனந்தபுரம், கொல்லம், ஆலப்புழை, மலப்புறம் கரைகளிலிருந்து ஃபைபர் படகுகளை லாரிகளில் ஏற்றிக்கொண்டு, கடலையே பார்த்திராத ஊர்களுக்கு அவர்கள் போனார்கள். அரசின் கணக்குப்படி 669 படகுகள், 4,500-க்கும் மேற்பட்ட மீனவர்கள், கரை சேர்க்கப்பட்டவர்கள் ஏறக்குறைய 65,000 பேர். வேங்கரையில் ஒரு வாலிபர் தண்ணீரில் மண்டியிட்டுத் தன் முதுகையே படியாகக் கொடுக்க, பெண்கள் அதன்மேல் கால்வைத்துப் படகில் ஏறின காட்சி நாடெங்கும் பரவியது.

இவ்வளவும் பத்திரிகைகளில் வந்துவிட்டது. எழுதப்படாமல் போனது வேறொன்று.

படகோட்டியும் வழிகாட்டியும்

கடலில் படகுக்கு அடியில் தண்ணீர்தான். ஊருக்குள் அப்படியல்ல. மதில் சுவர், இரும்புக் கேட்டின் கூர்முனை, முள்வேலி, கிணற்றின் கைப்பிடிச் சுவர், தலைக்கு மேலே தாழ்ந்து தொங்கும் மின்கம்பி. கலங்கின தண்ணீரில் இவை ஒன்றும் தெரியாது. எத்தனையோ படகுகளின் அடிப்பாகம் கிழிந்ததும், எஞ்சின் இலைகள் உடைந்ததும் இப்படித்தான். அலையை எதிர்த்து ஓட்டத் தெரிந்த மீனவருக்கு, தான் ஒரு தெருவின்மேல் போகிறோமா தென்னந்தோப்பின்மேல் போகிறோமா என்று தெரியாது. அதே ஊரில் பிறந்தவருக்கு எல்லாம் தெரியும். ஆனால் படகு ஓட்டத் தெரியாது.

ஆகவே பல படகுகளில் முன்பக்கத்தில் அந்த ஊர்க்காரர் ஒருவர் உட்கார்ந்தார். "இடப்பக்கம் மதில் இருக்கிறது, கொஞ்சம் விலகு, அந்தப் பலாமரத்தைத் தாண்டினால் டீச்சர் வீடு, அங்கே வயதான இரண்டு பேர்" என்று அவர் சொல்லச் சொல்லப் படகு போயிற்று. ஆளில்லாத படகும், படகில்லாத ஆளும் சேர்ந்தால்தான் ஒரு மீட்புக் குழு. இந்த ஜோடி சேர்க்கும் வேலையை யாராவது ஒருவர் கரையில் நின்று செய்ய வேண்டும். எந்தப் படகு எந்த வார்டுக்குப் போயிருக்கிறது, எத்தனை மணிக்குத் திரும்ப வேண்டும், எண்ணெய் எவ்வளவு இருக்கிறது என்று குறித்து வைக்க வேண்டும். திரும்பாத படகையும் தேட வேண்டுமல்லவா?

இதைவிடக் கடினமான கேள்வி, எந்த வீட்டுக்கு என்பது. வெள்ளத்தின்போது கேரளத்தில் உதவி கேட்டு வந்த செய்திகளுக்குக் கணக்கில்லை. மாநில அரசின் தகவல் தொழில்நுட்பத் துறையும் தன்னார்வலர்களும் சேர்ந்து ஓர் இணையதளம் அமைத்து, கோரிக்கைகளை இடவிவரத்தோடு ஒரே இடத்தில் பதிவு செய்தார்கள். அப்படியிருந்தும் ஒரு தொல்லை விடவில்லை. துபாயில் இருக்கும் மகன், "என் தாய் மாடியில் மாட்டிக்கொண்டிருக்கிறாள்" என்று நண்பர்களுக்கு எழுதுகிறான். அவர்கள் ஒவ்வொருவரும் பத்துப் பேருக்கு அனுப்புகிறார்கள். ஒரே தாய்க்காக நாற்பது கோரிக்கைகள் பதிவாகின்றன. மத்தியானம் அந்தத் தாய் பத்திரமாக முகாமுக்கு வந்துவிடுகிறாள். ஆனால் செய்தி நிற்கவில்லை. ராத்திரி பத்து மணிக்கும் சுற்றிக்கொண்டிருக்கிறது. அதை நம்பி ஒரு படகு இருட்டில் அந்த வெறும் வீட்டுக்குப் போகிறது. போகிற வழியில், கைப்பேசியின் சார்ஜ் தீர்ந்துபோன ஒரு வீட்டைக் கடந்தே போகிறது.

இதற்கு ஒரே பரிகாரம், யாராவது உட்கார்ந்து ஒவ்வொரு எண்ணையும் திரும்பக் கூப்பிட்டு, "இன்னும் அங்கேதான் இருக்கிறீர்களா? எத்தனை பேர்? நடக்க முடியாதவர் உண்டா?" என்று கேட்டு, வந்து சேர்ந்தவர்களின் பெயரை அடித்துவிடுவதுதான். வெளிமாநிலங்களிலும் வெளிநாடுகளிலும் இருந்த மாணவர்களும் ஊழியர்களும் ராத்திரி பகலாக இந்த வேலையைச் செய்தார்கள். தண்ணீரில் இறங்கினவருக்கு மாலை போட்டோம், போட வேண்டியதுதான். ஆனால் தொலைபேசிக்கு முன்னால் உட்கார்ந்து பெயர்களை அடித்துக்கொண்டிருந்தவர்களுக்கும் அந்த 65,000-த்தில் பங்குண்டு என்பதே எங்கள் எண்ணம்.

ஒரே இடத்திலிருந்து கட்டளை

இந்தக் குழப்பம் கேரளத்துக்கு மட்டும் உரியதல்ல. 1970-இல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் 13 நாட்கள் பரவிய காட்டுத்தீயில் 16 பேர் இறந்தார்கள். எழுநூறு கட்டிடங்கள் சாம்பலாயின. தீயணைப்பு வண்டிகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் ஒரு துறையின் வானொலியை இன்னொரு துறை கேட்க முடியவில்லை. ஒரே பொருளுக்கு ஆளுக்கொரு பெயர். யார் சொல்லை யார் கேட்பது என்ற தெளிவில்லை. அந்த அனுபவத்திலிருந்துதான் ஒரு சம்பவத்துக்கு ஒரு தலைவர், அவருக்குக் கீழே நேரடியாக ஐந்து பேரளவில் மட்டும், எல்லோருக்கும் ஒரே சொற்கள் என்ற ஒழுங்கு பிறந்தது. நம் நாட்டில் 2005-இல் பேரிடர் மேலாண்மைச் சட்டம் வந்தது. 2010-இல் தேசிய பேரிடர் மேலாண்மை ஆணையம் இதே ஒழுங்கை நம் நிர்வாகத்துக்கு ஏற்றபடி அமைத்து வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. மாவட்ட அளவில் பொறுப்பு கலெக்டருடையது. உதவி செய்யப் போகிற எந்தக் குழுவும் முதலில் அங்கே தன் பெயரைப் பதிவு செய்ய வேண்டும் என்று சொல்வது அதிகார ஆசையினால் அல்ல. நீங்கள் இருப்பதே தெரியாவிட்டால் உங்களை எங்கும் அனுப்ப முடியாது.

தேடி முடித்த இடத்தைத் திரும்பத் தேடாதிருப்பதும் ஒரு கலை. 2005-இல் நியூ ஆர்லியன்ஸ் பட்டணத்தைக் கத்ரீனா புயல் மூழ்கடித்தபோது, தேடின வீடுகளின் முகப்பில் பெயிண்டால் பெரிய பெருக்கல் குறி போட்டார்கள். அதன் இடப்பக்கத்தில் தேடின குழு, மேலே தேதி, வலப்பக்கத்தில் எரிவாயுக் கசிவு போன்ற ஆபத்து, கீழே உள்ளே கண்ட ஆட்களின் எண்ணிக்கை. அடுத்து வருகிற குழு ஒரு பார்வையில் புரிந்துகொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடும்.

வயநாட்டில் 2024 ஜூலை 30 அதிகாலையில் மலை சரிந்தபோது நிலைமை இன்னும் கடினமாயிருந்தது. முண்டக்கை, சூரல்மலை ஊர்களில் வீடுகளே இல்லை. குறி போடச் சுவர் ஏது? சூரல்மலைப் பாலம் அடித்துச் செல்லப்பட்டதால் அக்கரைக்குப் போக வழியில்லை. முதல் மணிநேரங்களில் சேற்றிலிருந்து ஆட்களைத் தூக்கினவர்கள் தப்பிப் பிழைத்த அண்டைவீட்டாரும் அந்தப் பகுதி வாலிபர்களுமே. எந்தப் பேரிடரிலும் அப்படித்தான்: வெளியிலிருந்து படை வந்து சேருவதற்குள் காப்பாற்றக்கூடியவர்களில் அநேகரை ஊரார் காப்பாற்றியிருப்பார்கள். ஆகஸ்ட் 1-ஆம் தேதி மாலைக்குள் இராணுவத்தின் மதராஸ் பொறியாளர் பிரிவு 190 அடி நீளமான இரும்புப் பாலத்தைப் போட்டு முடித்தது. அதன் வழியாகப் பெரிய இயந்திரங்கள் அக்கரை சேர்ந்தன.

அடுத்த நாள் தேடும் பரப்பை ஆறு பகுதிகளாகப் பிரித்தார்கள். அட்டமலைப் பக்கம், முண்டக்கை, புஞ்சிரிமட்டம், வெள்ளார்மலைச் சாலை, பள்ளிக்கூடம் இருந்த இடம், ஆற்றின் கீழ்ப்பகுதி என்று. ஒவ்வொரு குழுவிலும் படைவீரர்களோடு அந்த ஊரைச் சேர்ந்த மூன்று பேரும் வனத்துறை ஊழியர் ஒருவரும் இருந்தார்கள். செங்கன்னூரில் படகின் முன்பக்கத்தில் உட்கார்ந்தவர் செய்த அதே வேலைதான்: "இங்கேதான் அந்த வீடு இருந்தது, சமையலறை இந்தப் பக்கம்" என்று வெறும் சேற்றைக் காட்டிச் சொல்ல அவர்களால் மட்டுமே முடியும். கீழ்ப்பகுதியைத் தனியாகப் பிரித்ததற்கும் காரணமுண்டு. சாலியாற்றில் அடித்துச் செல்லப்பட்ட சரீரங்கள் மலைக்கு அப்பால், மலப்புறம் மாவட்டத்தின் நிலம்பூர்ப் பகுதியில் கிடைத்தன. காணாமற்போனவர்கள் யார் யார் என்று அறிய ரேஷன் கார்டையும் வாக்காளர் பட்டியலையும் வைத்துப் பெயர்ப்பட்டியல் தயாரிக்க வேண்டியதாயிற்று. முழுக்குடும்பமும் போய்விட்டால், "காணோம்" என்று சொல்லவும் ஆளிருக்காதே.

கரையில் காத்திருக்கும் ஆஸ்பத்திரி

இதில் ஆஸ்பத்திரிக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். படகு வந்து நிற்கிற இடத்தில் ஒரு நர்ஸும் ஒரு நோட்டுப் புத்தகமும் இருந்தால் பாதி வேலை முடிந்தது. இறங்குகிற ஒவ்வொருவரின் பெயரும், எந்த வீட்டிலிருந்து வந்தார் என்பதும், எங்கே அனுப்பப்படுகிறார் என்பதும் எழுதப்பட வேண்டும். அந்த நோட்டு கட்டுப்பாட்டு அறைக்குப் போனால்தான் பெயர்கள் அடிக்கப்படும். சிகிச்சையிலும் வரிசை உண்டு: உடனே கவனிக்காவிட்டால் உயிர் போகும் என்பவருக்குச் சிவப்பு அட்டை, சற்றுத் தாங்கக்கூடியவருக்கு மஞ்சள், நடந்து வருகிறவருக்குப் பச்சை, உயிர் பிரிந்தவருக்குக் கறுப்பு. உரக்க அழுகிறவர் பெரும்பாலும் பச்சை. சத்தமே இல்லாமல் கிடப்பவரைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

உடம்பில் காயமே இல்லாத சிலரும் ஆபத்தில் இருப்பார்கள். வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை டயாலிசிஸ் செய்கிறவர், இன்சுலின் தீர்ந்துபோனவர், வீட்டில் ஆக்ஸிஜன் வைத்திருந்து மின்சாரம் நின்றவர். இவர்களின் விலாசம் சிகிச்சை கொடுக்கிற ஆஸ்பத்திரியின் பதிவேட்டிலேயே இருக்கிறது. தண்ணீர் ஏறுவதற்கு முன்பே அந்தப் பட்டியலைக் கட்டுப்பாட்டு அறைக்குக் கொடுத்தால், படகு முதலில் எங்கே போக வேண்டும் என்ற கேள்விக்குப் பாதிப் பதில் கிடைத்துவிடும். வெள்ளத் தண்ணீரில் நின்றவர்களுக்கு எலிக்காய்ச்சல் வரும் என்பதால் 2018-இல் கேரள சுகாதாரத்துறை டாக்ஸிசைக்ளின் மாத்திரை கொடுத்தது. அதை முகாமில் இருந்தவர்களுக்குக் கொடுப்பது எளிது. மீட்டுவிட்டு ஊர் திரும்பிவிட்ட மீனவர்களுக்குக் கொடுக்க, அவர்கள் பெயரும் எங்காவது எழுதப்பட்டிருக்க வேண்டும்.

உங்கள் ஊரிலும் இப்படி ஒரு பட்டியலை இப்போதே எழுதி வைக்கலாம். எந்த வீட்டில் படுக்கையிலிருக்கும் முதியவர், எந்த வீட்டில் கர்ப்பிணி, எந்த வீட்டுக்கு மாடி உண்டு, யாரிடம் படகு, டிராக்டர், நீளமான கயிறு, ஜெனரேட்டர் இருக்கிறது. ஒரு பள்ளி நோட்டு போதும். பிளாஸ்டிக் உறையில் வைத்து, ஒரு பிரதியைக் கிராம நிர்வாக அலுவலரிடம் கொடுங்கள்.

ஆபத்து வந்தால் 112-ஐ அழைக்கலாம். தமிழ்நாட்டில் மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்கு 1077, மாநிலக் கட்டுப்பாட்டு அறைக்கு 1070. பேசும்போது ஊர், தெரு, கோவில் அல்லது பள்ளி போன்ற அடையாளம், எத்தனை பேர், நடக்க முடியாதவர் உண்டா, தண்ணீர் எந்த அளவு என்று இந்த வரிசையில் சொல்லுங்கள். சார்ஜ் குறைவாயிருந்தால் ஒருவர் மட்டும் பேசி, மற்றவர்கள் கைப்பேசியை அணைத்து வைக்கலாம். பத்திரமான இடத்துக்கு வந்து சேர்ந்த பிறகு அதே எண்ணுக்கு இன்னொரு தடவை கூப்பிட்டு, "நாங்கள் வந்துவிட்டோம், எங்கள் பெயரை அடித்துவிடுங்கள்" என்று சொல்லுங்கள்.