வீட்டுப் பாடம் யாருடைய கடமை?

வித்தியாசாலையில் மாலை மணி அடித்தவுடன் மாணாக்கனுடைய கல்வி முடிந்துவிடுவதில்லை. ஆசிரியர் பகலிற் புகட்டியதை அவன் தனித்திருந்து தானே செய்து பார்த்தற்பொருட்டு ஏற்பட்டதே வீட்டுப் பாடம். புதுச்சேரியிலுள்ள நமக்கு இவ்விஷயத்தைச் சிந்திக்க ஒரு சொல்லே துணை செய்யும். பிரெஞ்சு மொழியில் வீட்டுப் பாடத்தைக் குறிக்கும் 'தெவுவார்' என்னும் சொல்லுக்குக் கடமை என்பதும் பொருளாம். அக்கடமை மாணாக்கனுடையது மட்டுமே என்று பலர் எண்ணுகின்றனர். ஆசிரியர்க்கும் அதிற் சரிபாதி உண்டென்பதே இவ்வியாசத்தின் கருத்து.

நம் நாட்டுத் திண்ணைப் பள்ளிக்கூடங்களிலும் வீட்டுப் பாடம் இருந்தது. மாலையிற் பிள்ளைகளை அனுப்பும்பொழுது உபாத்தியாயர் ஒவ்வொருவனுக்கும் ஒரு பூ, ஒரு பறவை, ஓர் ஊர் முதலியவற்றின் பெயரைச் சொல்லியனுப்பும் வழக்கத்தை மகாமகோபாத்தியாய உ. வே. சாமிநாதையர் தம் சுயசரிதத்தில் விவரித்துள்ளார். பிள்ளை அப்பெயரை வீட்டாரிடஞ் சொல்லி, மறுநாட் காலையில் உபாத்தியாயரிடம் ஒப்புவித்தல் வேண்டும். பொருளறியாது நெட்டுருச் செய்தலும் பிரம்படியும் அப்பள்ளிகளின் குறைகளே. ஆயினும் இவ்வழக்கத்தில் மூன்று நன்மைகள் உண்டு. பாடம் சிறிது, அவனவனுக்குத் தனித்தனியே உரியது, மறுநாள் தவறாது கேட்கப்படுவது. அன்றியும், எழுத்தறியாத தாயும் அதனைச் செவிமடுத்து மகிழலாம்.

இதன் உண்மையை மனநூலாரும் ஆராய்ந்துள்ளனர். எபிங்காஸ் என்னும் ஜெர்மானிய அறிஞர் தம்மையே சோதனைக்குட்படுத்தி 1885-ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில், புதிதாகக் கற்றவற்றிற் பெரும்பகுதி முதல் நாளிலேயே மறைந்துபோவதையும், இடைவிட்டுப் பயில்வது ஒரே மூச்சிற் பயில்வதினும் சிறந்ததென்பதையும் காட்டினார். ஆகவே, ஒரே மாதிரிக் கணக்குப் பன்னிரண்டை ஓரிரவிற் செய்விப்பதைவிட, இன்று மூன்றும் இரண்டு நாள் கழித்து மூன்றுமாகச் செய்விப்பதே பயன்தரும்.

நிற்க. அளவு மீறிய வீட்டுப் பாடம் தீங்காம் என்பதை அரசாங்கங்களும் உணர்ந்துள்ளன. பிரான்சு தேசத்தில் 1956-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்துச் சுற்றறிக்கையொன்று, ஆறு மணி நேர வகுப்பே சிறுவர்க்குப் போதுமென்று கூறி, ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகட்கு எழுத்து வேலையை வீட்டிற்கு அளித்தலை நீக்கியது. நம் நாட்டில், 1993-ஆம் ஆண்டில் யஷ்பால் குழுவினர், ஆரம்ப வகுப்புகளில் வீட்டுச் சூழலை ஆராய்தலையன்றி வேறு வீட்டுப் பாடம் வேண்டாவென்றனர். புதுச்சேரியும் தன் எல்லைக்குட்பட்ட சென்னை உயர் நீதிமன்றம், 2018-ஆம் ஆண்டில், 1, 2-ஆம் வகுப்பினர்க்கு வீட்டுப் பாடம் விதித்தலாகாதென உத்தரவிட்டது. 2020-ஆம் ஆண்டு மத்திய அரசாங்கம் வெளியிட்ட பள்ளிப்பைக் கொள்கை, 3 முதல் 5 வரையுள்ள வகுப்புகட்கு வாரத்திற்கு இரண்டு மணி நேரமும், 6 முதல் 8 வரை நாளொன்றுக்கு ஒரு மணி நேரமும், அதற்கு மேற்பட்ட வகுப்புகட்கு இரண்டு மணி நேரமுமே உச்ச அளவென வரையறுத்தது.

ஆனால் நேரத்தைக் குறைத்தல் மட்டும் போதாது. ஒரே வகுப்பில் அருகருகே அமரும் இருவரை எண்ணிப் பாருங்கள். ஒருவனுக்குத் தனியறையும், விளக்கும், மாலையில் வந்து சொல்லித்தரும் டியூஷன் வாத்தியாரும் உண்டு. மற்றவன் வைத்திக்குப்பத்துச் செம்படவர் வீட்டுப் பிள்ளை. தந்தை விடியுமுன் கடலுக்குச் செல்பவர்; தாய் மீன் கூடை சுமப்பவர்; வீடோ ஒரே அறை. இருவர்க்கும் ஒரே கடினமான பாடத்தை விதித்தால், அது மாணாக்கனுக்கன்றி அவன் வீட்டாருக்கே பரீட்சையாகிவிடும். மறுநாள் முன்னவன் புகழப்படுவான். பின்னவன் பெஞ்சின்மேல் நிற்பான். வறுமைக்குத் தண்டனை பெறும் சிறுவன் நாளடைவிற் கல்வியையே வெறுத்துப் பள்ளியை விட்டு நீங்குவானாயின், அப்பழி யாரைச் சாரும்?

எனவே ஆசிரியர் கைக்கொள்ளத்தக்க நெறிகள் சில உள. முதலாவது, வகுப்பிற் கற்பியாததை வீட்டிற்கு விதித்தலாகாது. இரண்டாவது, பிறர் உதவியின்றி முடிக்கத்தக்கதையே அளித்தல் வேண்டும். மூன்றாவது, எவ்வீட்டிலும் உள்ள அறிவைப் பயன்படுத்துதல் நன்று. வாடை, கொண்டல், கச்சான் என்னும் காற்றுக்களின் வேற்றுமையைத் தந்தையிடம் கேட்டுவரும்படி கூறினால், செம்படவர் மகனே பூகோள வகுப்பில் மற்றவர்க்கு ஆசானாவான். பெரிய மார்க்கெட்டில் தாய் மீன் விற்ற வரவு செலவே அவனுக்குக் கணக்குப் பாடமாகும். நான்காவது, செய்து வந்ததை மறுநாளே பார்த்துத் திருத்தல் வேண்டும். பாராத நோட்டுப் புத்தகம், உழைப்பு வீணென்னும் பாடத்தையே கற்பிக்கும்.

மாணாக்கரும் தம் பங்கை மறத்தலாகாது. தோழனுடைய விடையைப் பார்த்தெழுதுவோன் ஆசிரியரை ஏமாற்றுவதாக எண்ணித் தன்னையே ஏமாற்றுகின்றான். புத்தகத்தை மூடிவைத்து, நினைவிலுள்ளதை எழுதிப் பின்னர் ஒப்பிட்டுப் பார்த்தல் பத்து முறை படித்தலினும் மேலானது.

நம் கலாசாலையிற் பயின்றோர் பலர் ஆசிரியத் தொழிலை மேற்கொள்வர். அன்பர்களே! நாளைய வீட்டுப் பாடத்தைக் கரும்பலகையில் எழுதுமுன், வகுப்பில் மிக எளிய இல்லத்திலிருந்து வரும் பிள்ளையை ஒரு கணம் நினைமின். அவனால் இயலுமாயின் எழுதுக. இயலாதாயின் அழித்துவிட்டு வேறொன்று தேடுக. அதுவே உமது கடமை.