ஆவடியில் ஒரு குருக்ஷேத்திரம்!

ஆவடி எச்.வி.எஃப். கேட்டில் நம்மை உள்ளே விட மாட்டார்கள். துப்பாக்கியோடு காவல் நிற்கிறார்களே! பரவாயில்லை, பொதுவெளிக்கு வந்த கதைகளே போதும். வாங்க, எட்டிப் பார்ப்போம்.

1961-ல் தொடங்கிய கனரக வாகனத் தொழிற்சாலை இது. 1965-ல் 'விஜயந்தா' டாங்கி வெளியே வந்தது இங்கிருந்துதான். அதே ஆவடியில் சி.வி.ஆர்.டி.இ. என்றொரு ஆய்வகம். அங்கே வரைபடமாகப் பிறந்து, இங்கே இரும்பாக உருண்டு வந்தவன் 'அர்ஜுன்' டாங்கி. அவனுடைய பரம எதிரி யார் தெரியுமா? ரஷ்ய டி-90 டாங்கி. அதையும் இதே எச்.வி.எஃப்.பில்தான் செய்கிறார்கள்! அதற்கு வைத்த பெயர் 'பீஷ்மா'. பெயர் வைத்த புண்ணியவானுக்குப் பாரதம் மனப்பாடம் போல!

1974-ல் அர்ஜுனுக்கு ஒதுக்கிய தொகை 15.5 கோடி ரூபாய். 1995-ல் திட்டத்தை முடித்துக் கணக்குப் பார்த்தால் 305.6 கோடி. உடனே எல்லா விரலும் ஆவடிப் பொறியாளர்கள் பக்கம் திரும்பின. பழியில் பாதி நியாயம்தான். உள்நாட்டிலேயே செய்வதாக இருந்த என்ஜின் கைகொடுக்கவில்லை. 1,400 குதிரைத்திறன் எம்.டி.யூ. என்ஜின் ஜெர்மனியிலிருந்து இறங்கியது.

இப்போது மற்ற பாதியைக் கேளுங்கள், அதுதான் சுவாரஸ்யம். ராணுவம் 'இப்படித்தான் வேண்டும்' என்று முதலில் பட்டியல் போட்டது 1972-ல். 1985-ல் அதையே திருத்தியது. சுமார் 40 டன் என்று நினைத்த வண்டி, 120 மி.மீ. பீரங்கி, கனத்த கவசம் என்று ஏறி ஏறி 58 டன்னைத் தாண்டிவிட்டது. பாதி தைத்த பிறகு அளவை மாற்றிச் சொன்னால் டெய்லர் எந்தத் தீபாவளிக்குச் சட்டை தருவார்?

இதற்கிடையே ராணுவம் ரஷ்ய டாங்கிகளுக்கே பழகிவிட்டது. 40, 45 டன் எடை, உள்ளே மூன்றே பேர். பாலம், ரயில் வேகன், பயிற்சி எல்லாம் அந்தக் கணக்கில்தான். நாலு பேர் உட்காரும் இந்தக் குண்டு மாப்பிள்ளையை எங்கே குடிவைப்பது? அதை யாரும் முன்கூட்டி யோசிக்கவில்லை.

2010 மார்ச்சில் ராஜஸ்தான் மணலில் அர்ஜுனையும் பீஷ்மாவையும் மோதவிட்டார்கள். அர்ஜுன் முந்தியதாகச் செய்திகள் வந்தன. ஆவடிக்காரர்கள் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளலாம்தான், ஆனால் ஆர்டர்? 2000-ல் 124, 2010-ல் இன்னொரு 124, 2021-ல் 68 டன்னாகக் கனத்த 'மார்க் 1ஏ' ரகம் 118. அவ்வளவே. பீஷ்மாவோ ஆயிரத்தைத் தாண்டுகிறது!

என் தீர்ப்பைக் கேட்டால், தாமதத்துக்குப் பொறியாளர்கள் பதில் சொல்லட்டும். ஆர்டர் சுருங்கியதற்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் டெல்லியில் இருக்கிறார்கள். கேட்டதும் அவர்கள், வந்து நின்றபோது தயங்கியதும் அவர்கள். பொறியாளர்கள் தரப்பில் நின்ற அந்த என்ஜின் பாக்கியும் மெல்லக் கழிகிறது: டாங்கிக்கான 1,500 குதிரைத்திறன் உள்நாட்டு என்ஜின், 2024 மார்ச் 20 அன்று மைசூரு பெமல் ஆலையில் முதன்முறையாக இயங்கியது.