எலும்பு சொல்லும் வயது

புள்ளியியல் வகுப்பில், பிழை வரம்பைக் குறிப்பிடாத மதிப்பீட்டுக்கு நான் முழு மதிப்பெண் தந்ததில்லை. நீதிமன்றத்தில் அந்த வரம்பு ஒருவரின் வாழ்வையே தீர்மானிக்கக்கூடும்.

குற்றம் சாட்டப்பட்டவர் சிறாரா என்ற ஐயம் எழுந்தால், 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் முதலில் பள்ளிச் சான்றையும், அது இல்லையேல் உள்ளாட்சி அமைப்பின் பிறப்புச் சான்றையும் கேட்கிறது. இரண்டும் இல்லாதபோதுதான் எலும்புப் பரிசோதனை. அவை இல்லாத பிள்ளைகள் எத்தகைய வீட்டவர் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

மணிக்கட்டு, முழங்கை, இடுப்பெலும்புகளின் எக்ஸ்ரேயில், வளரும் முனைகள் தண்டோடு இணைந்துவிட்டனவா என்று மருத்துவர் பார்க்கிறார். ஊட்டமும் உடல்வாகும் அந்த இணைவை முந்தவோ பிந்தவோ செய்யும். இரு பக்கமும் ஈராண்டு பிழை நேரலாம் என உச்ச நீதிமன்றம் 1982இலேயே ஏற்றது. ஆக, 18 என்ற முடிவின் பொருள் 16 முதல் 20 வரை. கூர்நோக்கு இல்லமும் சிறையும் பிரிவது அந்த இடைவெளிக்குள்தான். குழுமம் பதிவுசெய்யும் வயதே உண்மை வயதாகக் கொள்ளப்படும் என்பதால், மருத்துவ அறிக்கை ஒற்றை எண்ணோடு நிற்கலாகாது.