மனநல மருத்துவமனைக்குக் கம்ப்யூட்டர் எதற்கு?

நண்பர்களே, எங்கள் வீட்டில் முதன்முதலாகப் படிக்க வந்தவன் நான்தான். என் தாய்மாமாவுக்குப் பல வருடமாக மனநல சிகிச்சை. ஒருமுறை பழைய ஓ.பி. சீட்டு மழையில் நனைந்து வீணாப் போச்சு. டாக்டர், "முன்னாடி என்ன மாத்திரை சாப்பிட்டார்?" என்று கேட்டார். பாட்டி, "வெள்ளையா, சின்னதா இருக்கும் சாமி" என்றார். சிகிச்சை மறுபடி முதலிலிருந்து தொடங்கியது. அதற்கப்புறம்தான் டேட்டாபேஸ் பாடத்தை ஒழுங்காகப் படித்தேன்.

கால் முறிந்தால் எக்ஸ்ரே காட்டிவிடும். மனநோய்க்கு அப்படி ஒரு படம் கிடையாது. எப்போது தொடங்கியது, எந்த மருந்து கேட்டது, எது ஒத்துக்கொள்ளவில்லை என்ற வரலாறுதான் டாக்டருக்கு வழிகாட்டி. லித்தியம் சாப்பிடுபவருக்கு ரத்தத்தில் அதன் அளவையும், குளோசபின் சாப்பிடுபவருக்கு வெள்ளை அணுக்களையும் குறித்த காலத்தில் பரிசோதிக்க வேண்டும். தவறினால் ஆபத்து. அந்தத் தேதிகளை நினைவூட்டக் கம்ப்யூட்டருக்கு அலுப்பே கிடையாது.

சரி, எப்படி அமைப்பது? முதல் டேபிள், நோயாளி. பெயரைப் 'பிரைமரி கீ' ஆக்கக் கூடாது. ஒரு ஊரிலேயே எத்தனை முருகேசன்! தெருவில் திரிந்தவரைப் போலீஸ் அழைத்து வந்தால் பெயரே தெரியாது. ஆகவே ஆளுக்கு ஒரு எண். பெயர்க் கட்டம் காலியாக இருந்தாலும் பதிவு ஏற வேண்டும். சேர்க்கை, மருந்து, பரிசோதனை எல்லாம் தனித்தனி டேபிள்கள். அந்த எண்தான் அவற்றை இணைக்கும்.

அடுத்து சட்டம். 2017-ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 89-ஆம் பிரிவில், தானே முடிவெடுக்க மிகுந்த உதவி தேவைப்படுபவரைச் சேர்த்தால் 30 நாள் வரைதான் வைத்திருக்கலாம். அதற்கு மேல் தொடர 90-ஆம் பிரிவின் நடைமுறை வேண்டும். சேர்த்த தேதியோடு நாளைக் கூட்டி முன்கூட்டியே எச்சரிக்க நாலு வரி புரோகிராம் போதும். மறதியால் ஒருவரும் உள்ளே கிடக்கக் கூடாது.

கடைசியாக, ரகசியம். அதுவும் அந்தச் சட்டம் தரும் உரிமை. மருந்து கொடுப்பவருக்கு மருந்துப் பட்டியல் தெரிந்தால் போதும், நோயின் கதை வேண்டாம். ஒவ்வொருவருக்கும் தனி பாஸ்வேர்டு. யார், எப்போது பதிவைத் திறந்தார் என்பதும் பதிவாக வேண்டும். மாமா விஷயம் ஊரில் பரவினால் என் அக்கா கல்யாணமே நின்றுவிடும். அதனால்தான் சொல்கிறேன்.

புராஜெக்ட் எடுக்கப்போகும் நண்பர்களே, எல்லோரும் மளிகைக்கடை பில்லிங் செய்தது போதும். இதை எடுங்கள். சோதித்துப் பார்க்கக் கற்பனைப் பெயர்களையே போடுங்கள். கோடிங் எழுதும் முன், ஓ.பி. வரிசையில் மஞ்சப் பையோடு நிற்கும் ஒரு பாட்டியிடம் அரை மணி நேரம் பேசுங்கள். என்ன வேண்டும் என்று அவரே சொல்வார்.