மேற்கே மலை, மேற்கே வெயில்: பால்கனியைப் புதுப்பிக்கும் முன்

ராஜபாளையமும் ஸ்ரீவில்லிபுத்தூரும் மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்கு அடிவாரத்தில் அமைந்திருப்பதால், இங்குள்ள மாடி வீடுகளின் பால்கனிக்கு ஒரு பேறும் அதனோடு ஒட்டிய ஓர் இடரும் உண்டு. கண்ணுக்கு இனிய மலைக்காட்சி இருப்பதும் மேற்கே, சுவரைக் காய்ச்சும் பிற்பகல் வெயில் வருவதும் மேற்கே. மலையைப் பார்ப்பதற்கென்றே ஆசையாகக் கட்டப்பட்ட பால்கனி, வெயிலுக்கு அஞ்சி ஒதுக்கப்பட்டு, நாளடைவில் துணி காயவும் பழைய சாமான் அடையவும் மட்டுமே பயன்படும் இடமாகச் சுருங்கிவிடுவது இதனால்தான். அதனை அழகும் பயனும் ஒருங்கே பொருந்தப் புதுப்பிக்க விரும்புவோர், தரை ஓட்டையும் வண்ணத்தையும் தேர்வதற்கு முன், அத்தளம் எவ்வாறு நிற்கிறது என்பதை அறிந்துகொள்ள வேண்டும்.

தூணின் துணையின்றிச் சுவரிலிருந்து வெளியே நீண்டு நிற்கும் இத்தகைய தளத்தைப் பொறியாளர்கள் ‘கான்டிலீவர்’ என்பர். அறைக்கு மேலுள்ள தளத்தில் நடுப்பகுதியின் எடையைத் தாங்கும் முதன்மைக் கம்பிகள் அடிப்பக்கத்தில் கிடக்க, பால்கனித் தளத்திலோ அவை மேற்பக்கத்தில் கிடக்கின்றன. வெளிநுனி கீழே தாழ முற்படும்போது இழுபடுவது தளத்தின் மேற்பரப்பே என்பது இதற்குக் காரணம். ஆகவே, பழைய தரையை உளியாலும் இயந்திரத்தாலும் ஆழமாகக் கொத்தி எடுப்பது அந்தக் கம்பிகளையே காயப்படுத்தக்கூடும். மேலே தேங்கும் நீரும் விரிசல் வழியே முதலில் இறங்குவது இக்கம்பிகளுக்குத்தான். துருப்பிடித்த இரும்பு பருத்துக் காங்கிரீட்டைப் பிளக்கும்.

எனவே முதல் வேலை வாட்டம் பார்ப்பது. தரை, நீர்போக்கியை நோக்கிச் சரிந்திருப்பதைக் கொத்தனார்கள் வாட்டம் என்பர். மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டராவது சரிவு இருந்தால்தான் நீர் நிற்காமல் ஓடும். நீர்க்காப்புப் பூச்சு காய்ந்தபின், நீர்போக்கியை அடைத்து, இரண்டு அங்குலத்துக்கு மிகாமல் நீரை ஒரு நாள் நிறுத்தி, அடிப்பக்கத்தில் கசிவு தெரிகிறதா என்று சோதித்த பின்னரே ஓடு பதிக்க வேண்டும். இப்பகுதிக்குப் பெருமழை ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவக்காற்றால் வருவதால், பொங்கலுக்குப் பிந்தைய மாதங்கள் இவ்வேலைக்கு ஏற்றவை. ஆத்தங்குடி ஓட்டின் அழகு எவரையும் ஈர்ப்பதுதான். எனினும், அதன் வழவழப்பான முகம் நனைந்தால் வழுக்கும் என்பதால், அதனை அறைக்குள் வைத்துக்கொண்டு, மழை படும் தரைக்குச் சொரசொரப்பான ஓட்டைத் தேர்வதே அறிவுடைமை.

எடையைப் பற்றி இந்த ஊர்களில் தனியே எண்ணிப் பார்க்க வேண்டியிருக்கிறது. ஆடிப்பூரத் திருநாளில் ஆண்டாளின் பெருந்தேர் ஸ்ரீவில்லிபுத்தூரின் ரத வீதிகளில் வலம் வரும்போது, உற்றாரும் அண்டை வீட்டாரும் ஒரே பால்கனியில் கூடி, தேர் நெருங்கும் வேளையில் அனைவரும் கைப்பிடிச் சுவரின் ஓரத்துக்கே வந்துவிடுகின்றனர். கட்டட எடைகளுக்கான இந்தியத் தரநிலை 875, குடியிருப்பு வீட்டின் அறைக்குச் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 200 கிலோவும் பால்கனிக்கு 300 கிலோவும் கணக்கிட வேண்டும் என்பதோடு, வெளி ஓரத்துக்கு மீட்டருக்கு 150 கிலோ என்று தனியே குறிப்பதும் இத்தகைய நெருக்கடியை எண்ணித்தான். ஓர் அடி உயரத்துக்கு ஈரமண் நிரப்பிய செடிப்பாத்தியோ சதுர மீட்டருக்கு 500 கிலோவைத் தாண்டிவிடும். பழைய தரையின் மேலேயே கலவை போட்டுப் புது ஓடு பதித்தாலும் 100 கிலோ அளவுக்குக் கூடும். தரை உயர்ந்த அளவுக்குக் கைப்பிடிச் சுவரின் உயரமும் குறையும். அச்சுவர் முடிவுற்ற தரையிலிருந்து ஒரு மீட்டருக்குக் குறையக் கூடாது என்பது விதி. அதை ஒட்டி அரை மீட்டர் உயரத்தில் அழகான இருக்கை ஒன்றைக் கட்டிவிட்டால், அதில் ஏறி நிற்கும் குழந்தைக்கு அரை மீட்டர் சுவரே காவலாக எஞ்சும். இருக்கை வேண்டுமெனில், பழைய திண்ணையைப் போல வீட்டுச் சுவரை ஒட்டி அமைவதே முறை.

பெரியாழ்வாரின் நந்தவனம் இருந்த ஊரில் துளசியின்றிப் பால்கனி நிறைவு பெறாது. தொட்டிகளில் வெறும் மண்ணுக்குப் பதிலாகத் தென்னை நார்க்கழிவும் மண்புழு உரமும் மிகுதியாகக் கலந்தால் எடை பெரிதும் குறையும். அவற்றையும் வீட்டுச் சுவரோரமாக வைப்பது நல்லது. நுனியில் வைத்த தொட்டி, தளத்தின் நடுவில் வைத்ததைப் போல இருமடங்கு வலுவோடு தளத்தை வளைக்க முனையும்.

இனி வெயில். இவ்வூர்களில் சித்திரைப் பிறப்பை ஒட்டி நண்பகல் சூரியன் தலைக்கு நேர் மேலே வந்து, அதன்பின் ஆவணி வரை சற்று வடக்கே சாய்ந்து நிற்பதால், வடக்குப் பால்கனியும் கோடையில் வெயிலுக்குத் தப்புவதில்லை. ஆயினும் அந்த உயர் வெயிலைச் சன்ஷேடு எனப்படும் கிடைமட்ட மறைப்பே தடுத்துவிடும். மேற்கு வெயிலோ தாழ்ந்து, அதன் அடியில் நுழைந்து வருவது. அதனைச் செங்குத்தான மறைப்பே தடுக்கும். பிற்பகலில் இறக்கி, அந்தியில் மலை நீலமாகத் தெரியும் வேளையில் சுருட்டிவிடக்கூடிய மூங்கில் தட்டி இங்கு மிகப் பொருத்தமானது. ஆடிக்காற்றுக்கு அது அடித்துக்கொள்ளாதிருக்க, கீழ்முனையைக் கட்ட வளையங்கள் பொருத்தப்பட வேண்டும். கண்ணாடியால் முழுதும் அடைப்பது காற்றை நிறுத்தி வெப்பத்தைச் சிறைப்படுத்துமாதலால், அது இந்த மண்ணுக்கு ஒவ்வாத செலவு.

தெருப்பக்கம் தளத்தை நீட்டவோ கிராதி பொருத்தவோ எண்ணுவோர், மின்கம்பிக்கும் கட்டடத்துக்கும் இடையே பக்கவாட்டில் 1.2 மீட்டராவது இடைவெளி இருப்பதை உறுதி செய்ய வேண்டும். பால்கனித் தளம் சுவரோடு சேரும் இடத்தில், மேற்பரப்பில் சுவருக்கு இணையாக விரிசல் ஓடுவது தென்பட்டால், மற்ற வேலைகள் அனைத்தையும் நிறுத்திவிட்டு, முதலில் ஒரு கட்டடப் பொறியாளரை அழைத்துக் காட்டுங்கள்.